பேராக்கின் எரிசக்தித் திட்டங்களும் மக்கள் நம்பிக்கையும்: புக்கிட் மேரா விட்டுச்சென்ற பாடம்

ஈப்போ: பழைய ரப்பர் தோட்டத்தில் சூரிய மின் பண்ணை வரப்போகிறது, வீட்டு வரிசைக்குப் பின்னால் உயர் அழுத்த மின் கோபுரம் எழப்போகிறது, நாட்டில் அணுமின் நிலையம் அமைப்பது பற்றி ஆராயப்படுகிறது. இப்படி ஒரு செய்தி வரும்போது பேராக் மக்கள் மனத்தில் முதலில் எழுவது எத்தனை மெகாவாட் என்ற கேள்வி அல்ல. எங்களிடம் யாராவது கேட்டார்களா? நாளை ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு? வரும் மின்சாரத்தில் எங்களுக்கு என்ன பங்கு? இவைதான் அவர்கள் கேட்பவை.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஏறக்குறைய நூறாண்டு அனுபவம் இருக்கிறது. நாட்டின் தொடக்கக்காலப் பெரிய நீர்மின் அணைகளுள் ஒன்று கட்டப்பட்டது இந்த மாநிலத்தில்தான். கதிரியக்கக் கழிவை எங்கே வைப்பது என்பதற்காக ஒரு சிற்றூர் மக்கள் தெருவில் இறங்கியதும், ஈப்போ உயர்நீதிமன்றப் படிகளில் ஆயிரக்கணக்கானோர் கூடியதும் இங்கேதான். அந்த வரலாற்றை அறிந்தால், இன்று ஒரு திட்டத்தை மக்கள் ஏன் வரவேற்கிறார்கள், ஏன் சந்தேகிக்கிறார்கள் என்பது விளங்கும்.

நியாயம் என்றால் எது?

எரிசக்தித் திட்டங்கள் மீதான மக்கள் மனப்பான்மையை ஆராய்பவர்கள் பொதுவாக மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டுவார்கள்.

முதலாவது, பங்கீட்டு நியாயம். திட்டத்தால் வரும் நன்மை யாருக்கு, சுமை யாருக்கு என்பது. மின்சாரம் நகருக்கும் தொழிற்பேட்டைக்கும் போய், புகையும் இரைச்சலும் நில இழப்பும் ஓர் ஊருக்கு மட்டும் மிஞ்சினால் அங்கே மனக்கசப்பு வளர்வது இயல்பு.

இரண்டாவது, நடைமுறை நியாயம். முடிவு எடுப்பதற்கு முன் மக்களிடம் கேட்கப்பட்டதா, அல்லது முடிவெடுத்த பிறகு விளக்கக் கூட்டம் நடத்தப்பட்டதா என்பது.

மூன்றாவது, நம்பிக்கை. ஆபத்து இல்லை என்று சொல்பவர் யார்? அவருக்கு அதில் லாபம் உண்டா? முன்பு அவர் சொன்னது உண்மையாக இருந்ததா?

இழப்பீட்டுத் தொகை இவற்றில் முதல் கூறை மட்டுமே ஓரளவு சரிசெய்யும். மற்ற இரண்டையும் பணத்தால் வாங்க முடியாது. மக்கள் அறியாமையால் எதிர்க்கிறார்கள், விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் நெடுங்காலமாக உண்டு. பேராக்கின் அனுபவம் அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

ஆற்றில் அணை, லயத்தில் இருள்

பேராக் ஆற்றின் குறுக்கே செண்டெரோ அணை 1930-இல் செயல்பாட்டுக்கு வந்தது. கட்டியது பிரிட்டிஷ் முதலீட்டில் உருவான பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம். அதன் முதன்மை வாடிக்கையாளர்கள் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்கள். மண்ணை வாரிச் சலிக்கும் பெரிய மிதவை இயந்திரங்களுக்கு இடைவிடாத மின்சாரம் தேவைப்பட்டது. ஆற்றிலிருந்து ஈயலம்பங்கள் வரை கம்பிப் பாதைகள் நீண்டன.

அந்த வட்டாரத்தின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களின் லயங்களில் அப்போது மண்ணெண்ணெய் விளக்குதான். நாடு விடுதலை அடைந்து பல ஆண்டுகள் ஆன பின்னரும், பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம் மட்டுமே வெளிச்சம் இருந்தது. மாலையில் ஓடத் தொடங்கும் இயந்திரம் இரவில் நின்றுவிடும். பிள்ளைகள் அதற்குள் பாடம் படித்து முடிக்க வேண்டும். தோட்டக் குடியிருப்புகளுக்கு முறையான குடிநீரும் மின்சாரமும் வேண்டும் என்பதை வலியுறுத்த, தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990-இல் வர வேண்டியிருந்தது. மின்சாரம் உற்பத்தியாகும் மாநிலத்தில் வாழ்வதும் அந்த மின்சாரம் வீட்டுக்கு வருவதும் ஒன்றல்ல என்பதைத் தோட்ட மக்கள் அனுபவத்திலேயே அறிந்திருந்தார்கள்.

மேற்பேராக்கில் சுமை வேறு மக்கள் மீது விழுந்தது. 1970-களில் கட்டப்பட்ட தெமெங்கோர் அணையால் 150 சதுர கிலோமீட்டர் அளவுக்குக் காடும் ஆற்றோரமும் நீரில் மூழ்கின. அங்கு வாழ்ந்த ஜஹாய், தெமியார் பூர்வகுடியினர் ஆயர் பானுன் போன்ற மறுகுடியேற்றப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அணை தரும் மின்சாரம் 348 மெகாவாட். தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த நிலத்துக்கு அவர்களிடம் பட்டா இல்லை. அதனால் அவர்கள் இழந்தது எந்தக் கணக்கேட்டிலும் முழுமையாக ஏறவில்லை.

பாரிட், பாப்பான், புக்கிட் மேரா

பேராக்கில் நம்பிக்கை எப்படிக் கட்டப்படுகிறது, எப்படி உடைகிறது என்பதை ஆண்டு வாரியாகக் காட்டும் நிகழ்வு ஏசியன் ரேர் எர்த் ஆலை விவகாரம். அது மின் நிலையம் அல்ல. ஆனால் அதன் மையத்தில் இருந்த தோரியம், எதிர்காலத்தில் அணு எரிபொருளாகப் பயன்படக்கூடிய பொருள் என்று கருதப்பட்டது. அதனால் அந்தக் கழிவைத் தூக்கி எறியாமல் மாநில அரசின் சொத்தாகச் சேமித்து வைப்பதே தொடக்கத் திட்டமாக இருந்தது.

ஈய மண்ணைச் சலித்தபின் மிஞ்சும் கழிவு மணலை இங்கே 'ஆமாங்' என்பார்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுத்தால் தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு மிஞ்சும். தோரியம் பாதியாகச் சிதையவே 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் 35 விழுக்காடு பங்கு வைத்திருந்த இந்த ஆலை, 1982 ஜூலையில் ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கியது. சுற்றிலும் புதுக்கிராமமும் கடைகளும் பள்ளியும் இருந்தன. அணுசக்திப் பொருள்களைக் கண்காணிக்கத் தனி வாரியம் நாட்டில் அப்போது இல்லை. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயம் என்ற விதியும் 1988-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆலை வருவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கும் வழிமுறையே இல்லை என்று சொல்லலாம்.

கழிவைப் புதைக்க முதலில் பாரிட் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. விஷயம் தெரிந்து ஊர்மக்கள் எதிர்த்ததும் 1982-இல் அந்த இடம் கைவிடப்பட்டது. அடுத்து, பாப்பான் என்ற பழைய ஈயலம்ப ஊருக்கு அருகே குழிகள் வெட்டும் வேலை தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்தி, காயமடைந்த எதிர்ப்புப் போராளிகளுக்கு மறைவாகச் சிகிச்சை அளித்த அதே பாப்பான்தான். 1983-இன் இறுதியில்தான் அந்தக் குழிகள் எதற்கு என்பது ஊருக்குத் தெரியவந்தது. எதற்காக வெட்டுகிறார்கள் என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

1984 மே மாதத்தில் பாப்பான் மற்றும் சுற்றுவட்டார மக்கள் 6,700 பேர் கையெழுத்திட்டு அரசுக்கு மனு அனுப்பினார்கள். பிறகு சாலை மறியல் நடந்தது. குழிகள் பாதுகாப்பானவை, எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்கப்பட்டுள்ளது, வேலை தொடரும் என்று அரசு அறிவித்தது. ஜூலை மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 3,000 பேர் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

அதன்பின் நடந்ததுதான் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது. அரசே அழைத்துவந்த அனைத்துலக அணுசக்தி முகமையின் நிபுணர்கள் குழிகளைப் பார்வையிட்டு, அவை பாதுகாப்பானவை அல்ல என்று கூறினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அப்போதைய துணைப் பிரதமர் மூசா ஹீத்தாம் நேரில் பாப்பானுக்கு வந்தார். 1985 ஜனவரியில், கழிவுக் கிடங்கைக் கிளேடாங் மலைத்தொடரில் உள்ள முக்கிம் பெலாஞ்சாவுக்கு மாற்ற அரசு முடிவு செய்தது.

பாப்பான் மக்கள் வென்றார்கள். ஆனால் அந்த வெற்றி இன்னொரு சந்தேகத்தையும் விதைத்தது. மக்கள் மறியல் செய்யாமல் இருந்திருந்தால் அந்தக் குழிகள் பாதுகாப்பானவையாகவே அறிவிக்கப்பட்டிருக்கும் அல்லவா? அரசு பாதுகாப்பு என்று சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்குப் பேராக் மக்கள் தங்கள் அனுபவத்திலிருந்தே ஒரு விடையைப் பெற்றார்கள்.

ஈப்போ நீதிமன்றத்தில்

கழிவுக் குழிகள் பாப்பானிலிருந்து விலகின. ஆலை புக்கிட் மேராவில்தான் இருந்தது. 1985 பிப்ரவரி 1-ஆம் தேதி, குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் ஊர்மக்கள் சார்பில் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அதே நாளில்தான் அணுசக்தி உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்து, உரிம வாரியமும் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஆலையின் உற்பத்தியை நிறுத்தி வைக்க நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. ஆனால் 1987 பிப்ரவரியில் உரிம வாரியம் ஆலைக்கு உரிமம் கொடுத்தது. ஏப்ரல் மாதம் 10,000 பேர் புக்கிட் மேரா வழியாக ஊர்வலம் போனார்கள்.

முழு விசாரணை 1987 செப்டம்பரில் தொடங்கி 1990 பிப்ரவரி வரை நீண்டது. நீதிமன்றம் அமர்ந்த நாள்கள் 65. விசாரணை தொடங்கி சில வாரங்களிலேயே, 1987 அக்டோபரில், ஒப்பராசி லாலாங் கைது நடவடிக்கை வந்தது. ஊர்ப் போராட்டக் குழுவின் முன்னணியினரும், அவர்களுக்காக வழக்காடிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார்கள். சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போனவர்கள் விசாரணையின்றி அடைக்கப்பட்டது, நம்பிக்கையின் மீது விழுந்த இன்னொரு அடி.

புக்கிட் மேரா பெரும்பாலும் சீனர்கள் வாழும் ஊர். ஆனால் அந்தப் போராட்டம் ஓர் இனத்தின் போராட்டமாக இருக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதித்துப் பதிவு செய்தவர்களில் டாக்டர் ஜெயபாலன் முக்கியமானவர். ஆலையைச் சுற்றியுள்ள கதிரியக்க அளவை அளக்க ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகப் பேராசிரியர் சடாவ் இச்சிகாவா வந்தார். ஆலை மிட்சுபிஷியின் பங்குடையது. அதன் அபாயத்தை அளந்து சொன்னவரும் ஜப்பானியரே.

1992 ஜூலை 11-ஆம் தேதி ஈப்போ உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 14 நாள்களுக்குள் ஆலையை மூட வேண்டும் என்று உத்தரவிட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்ய, மூடும் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஈப்போ தீர்ப்பை ரத்து செய்தது. நிறுவனத் தரப்பு நிபுணர்களின் சான்றை அது ஏற்றுக்கொண்டது. உரிமத்தை ரத்து செய்யும்படி மக்கள் உரிம வாரியத்தையே அணுகியிருக்கலாம் என்றும் கூறியது. சட்டத்தில் நிறுவனம் வென்றது. ஆனால் தீர்ப்பு வந்து ஒரு மாதம் ஆவதற்குள், 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது. உரிமமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கையில் இருந்தும் அது தொழிலைத் தொடரவில்லை.

மூடிய பின்னும் முடியாத வேலை

ஆலை மூடப்பட்டதும் விவகாரம் முடிந்துவிடவில்லை. 2011 மார்ச் மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட செய்தியின்படி, புக்கிட் மேராவில் நடந்த துப்புரவுப் பணியின் செலவு 10 கோடி அமெரிக்க டாலர். கதிரியக்கம் கலந்த மண்ணும் கட்டட இடிபாடும் 11,000 லாரிகளில் அகற்றப்பட்டன. 80,000-க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்களில் இருந்த கழிவை மலை உச்சியில் அமைத்த கிடங்கில் நிரந்தரமாகப் புதைக்கும் வேலை அப்போது எஞ்சியிருந்தது. 11,000 பேர் வாழ்ந்த வட்டாரத்தில் ஐந்தாண்டுகளில் எட்டுப் பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாகவும், அவர்களில் எழுவர் இறந்துவிட்டதாகவும் அதே செய்தி கூறியது. நோய்களுக்கு ஆலையே காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தபோதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகக் கூறவில்லை.

ஆலை மூடி பல ஆண்டுகளுக்குப் பின், கழிவைக் கையாளச் செலவிட்ட பணமும் உழைப்பும் இவ்வளவு. ஆரம்பத்திலேயே பாப்பான் மக்களின் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்திருந்தால் இவற்றில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

பஹாங்கின் கெபெங்கில் லைனாஸ் அரிய மண் ஆலை வந்தபோது, 2011-2012-இல் நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியதற்கு இந்த நினைவே முக்கியக் காரணம். ஒரு மாநிலத்தில் உடைந்த நம்பிக்கையின் விலையை இன்னொரு மாநிலத்தில், வேறொரு நிறுவனம் கொடுக்க வேண்டியிருந்தது.

சட்டம் யாரைக் கணக்கில் எடுக்கிறது?

பாப்பானிலும் புக்கிட் மேராவிலும் இருந்தவர்கள் தங்கள் ஊரில், பெரும்பாலும் தங்கள் வீட்டில் குடியிருந்தவர்கள். தோட்டத் தமிழர்களின் நிலை வேறு. லயம் நிறுவனத்துடையது, வேலை உள்ளவரை வீடு.

1960-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், இழப்பீடு கோரக்கூடிய 'அக்கறையுள்ள நபர்' யார் என்று வரையறுக்கிறது. நில உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டுமே குடியிருப்பவர் அந்த வரையறையில் சேரமாட்டார் என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஒரு தோட்டத்தை மின் திட்டத்துக்காகவோ சாலைக்காகவோ அரசு எடுத்துக்கொண்டால், இழப்பீடு நிலத்தின் உரிமையாளருக்குப் போகும். மூன்று தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்த குடும்பத்துக்குச் சட்டப்படி நேரடி உரிமை கிடைப்பது கடினம். மாற்று வீடு கிடைத்தால் அது பேச்சுவார்த்தையால், போராட்டத்தால், அல்லது அரசியல் தலையீட்டால் கிடைத்ததாகவே இருக்கும். நிறுவனம் தன் நிலத்தைச் சூரிய மின் நிறுவனத்துக்குத் தானே விற்றாலோ குத்தகைக்கு விட்டாலோ, கையகப்படுத்தும் சட்டத்துக்கே வேலையில்லை.

மின் கம்பிப் பாதைகளுக்கு 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டம் பொருந்தும். உரிமம் பெற்ற நிறுவனம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நிலத்தில் நுழைந்து கோபுரம் நடலாம். அறிவிப்புப் பெற்றவர் 14 நாள்களுக்குள் மாவட்ட நில நிர்வாகியிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம்; அவர் விசாரணை நடத்த வேண்டும். நிலத்தின் உரிமை கைமாறாது. ஆனால் கம்பியின் கீழ் வீடு கட்டவோ உயரமான மரம் வளர்க்கவோ முடியாது. 275 கிலோவோல்ட் பாதைக்கு ஏறக்குறைய 40 மீட்டர் அகலம் இப்படி ஒதுக்கப்படும். 14 நாள் என்பது குறுகிய அவகாசம். அறிவிப்பு மலாய் மொழியில் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டால் லயத்தில் இருப்பவருக்கு அந்த அவகாசமும் இல்லை.

தகவல் பெறுவதிலும் இடைவெளி உண்டு. அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமையைப் பினாங்கு 2010-இலும் சிலாங்கூர் 2011-இலும் மாநிலச் சட்டமாக்கின. பேராக்கில் அப்படியொரு சட்டம் இல்லை.

தமிழர் வாழும் மற்ற நிலங்களில்

இதே மூன்று கேள்விகள் மலேசியாவுக்கு வெளியே தமிழர் வாழும் நிலங்களிலும் எழுந்திருக்கின்றன.

தமிழ்நாட்டின் நெய்வேலியில் 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை என்ற கோரிக்கை இன்றும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், நிறுவனம் முன்பே கையகப்படுத்திய நிலத்தில் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கின. நிலம் நிறுவனத்துடையது என்பது சட்டம். கதிர் முற்றும் வரை பொறுத்திருக்கலாமே என்பது மக்கள் கேட்ட நியாயம். அந்தக் காட்சி தமிழ்நாடு முழுவதும் கொந்தளிப்பை உண்டாக்கியது.

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம் 1988-இல் கையெழுத்தானது. 2011-இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் இடிந்தகரை மீனவ மக்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் போடப்பட்டன. 2013 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் நிலையத்துக்கு அனுமதி அளித்தது. கூடவே பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. நிலையம் இயங்குகிறது. வழக்குகளின் கசப்பும் தங்கிவிட்டது.

இலங்கையின் சம்பூரில் 2006-இல் போரால் இடம்பெயர்ந்த தமிழர்களின் நிலத்தில், இந்தியாவின் தேசிய அனல் மின் கழகத்துடன் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. ஊர் திரும்பிய மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். 2016-இல் அது கைவிடப்பட்டு, அதே வட்டாரம் பின்னர் சூரிய மின் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

வேறு வழியும் உண்டு என்பதற்கு டென்மார்க் சான்று. புதிய காற்றாலை அமைப்பவர் அதன் பங்குகளில் குறைந்தது 20 விழுக்காட்டை அக்கம்பக்கத்து மக்களுக்கு விலைக்கு வழங்க முன்வர வேண்டும் என்று 2009-இல் அந்நாடு சட்டமாக்கியது. அந்த விதி பின்னர் மாற்றப்பட்டாலும், சுமையைத் தாங்குபவருக்கு லாபத்திலும் பங்கு என்ற கருத்து பல நாடுகளுக்குப் பரவியது.

இனி பேராக்கில் வரவிருப்பவை

2023-இல் வெளியிடப்பட்ட தேசிய எரிசக்தி மாற்றப் பெருந்திட்டம், 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெற இலக்கு வைத்துள்ளது. நிலக்கரியின் பங்கு படிப்படியாகக் குறைய வேண்டும். பேராக்கின் மஞ்சோங் கடற்கரையில், மீட்கப்பட்ட நிலத்தில் எழுந்த சுல்தான் அஸ்லான் ஷா மின் நிலையம் நாட்டின் பெரிய நிலக்கரி நிலையங்களுள் ஒன்று. அதன் எதிர்காலம் அங்கு வேலை செய்பவர்களுக்கும் சுற்றியுள்ள சிறுவணிகர்களுக்கும் வாழ்வாதாரக் கேள்வி.

நிலக்கரியின் இடத்தை நிரப்பப் பெரும்பங்கு வகிக்கப்போவது சூரிய மின்சாரம். எரிசக்தி ஆணையம் 2016 முதல் பெரிய அளவிலான சூரிய மின் திட்டங்களுக்கு ஏலம் நடத்தி வருகிறது. ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 ஏக்கர் தேவை. 50 மெகாவாட் பண்ணைக்கு 200 ஏக்கருக்கு மேல் வேண்டும். சமதளமாக, ஒரே பட்டாவில், துணை மின் நிலையத்துக்கு அருகில் இருக்கும் நிலம் எது என்று தேடினால் பழைய ரப்பர், செம்பனைத் தோட்டங்கள்தான் முதலில் கண்ணில் படும். புகையும் கதிரியக்கமும் இல்லாத தொழில்தான். ஆனால் லயமும் கோயிலும் இடுகாடும் தமிழ்ப்பள்ளியும் அந்த நிலத்தின் ஒரு மூலையில் இருக்கின்றன. பண்ணை கட்டி முடிந்தபின் அங்கே நிரந்தர வேலை கிடைப்பவர்கள் மிகச் சிலரே.

அணுசக்திப் பேச்சும் திரும்பியிருக்கிறது. 2018 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் துன் மகாதீர், அணுக் கழிவைக் கையாளும் சிக்கலைச் சுட்டிக்காட்டி அணுமின் நிலையம் வேண்டாம் என்றார். 2025 ஜூலையில் தாக்கலான 13-ஆவது மலேசியத் திட்டம் அணுசக்தியை மீண்டும் ஒரு வாய்ப்பாக முன்வைத்துள்ளது. நிலையம் எங்கு அமைந்தாலும், கழிவை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்வியைப் பேராக் மக்கள் கேட்காமல் இருக்கமாட்டார்கள். அந்தக் கேள்வியை நாட்டில் முதலில் உரக்கக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

குடியிருப்பாளர்கள் என்ன செய்யலாம்?

ஒரு திட்டம் தங்கள் பகுதிக்கு வருவதாகத் தெரிந்தால் கவனிக்க வேண்டியவை:

1. ஊராட்சி மன்றத்தின் உள்ளூர்த் திட்ட வரைவைப் பாருங்கள். 1976-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டப்படி வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். அப்போது எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். நிலத்தின் பயன்பாடு மாறப்போவது முதலில் தெரியும் இடம் இதுதான்.

2. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு தேவைப்படும் திட்டமா என்று சுற்றுச்சூழல் துறையிடம் கேளுங்கள். இரண்டாம் அட்டவணையில் உள்ள திட்டங்களின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கருத்தைக் காலக்கெடுவுக்குள் எழுத்தில் அனுப்புங்கள்.

3. மின் கம்பிப் பாதை பற்றிய அறிவிப்பு வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 14 நாள் அவகாசம் அன்றிலிருந்து ஓடத் தொடங்கும்.

4. லயத்தில் குடியிருப்பவர்கள், எத்தனை ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார்கள் என்பதற்கான சான்றுகளைச் சேர்த்து வையுங்கள்: வேலைச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு, மின் கட்டண ரசீது. கோயில், இடுகாடு இருக்கும் இடத்தையும் வரைபடத்தில் குறித்து வைப்பது நல்லது.

5. மாற்று வீடு, வேலை, பள்ளி பற்றிய வாக்குறுதிகளை எழுத்தில் கேளுங்கள். யார் கொடுப்பது, எந்தத் தேதிக்குள், கொடுக்கத் தவறினால் என்ன என்பவை அதில் இருக்க வேண்டும்.

6. திட்டம் முடிந்தபின் நிலத்தைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். புக்கிட் மேராவில் இந்தக் கேள்விக்குப் பதில் ஆலை மூடிய பின்னர்தான் கிடைத்தது.

7. தனியாகப் போகாதீர்கள். பாப்பானில் 6,700 கையெழுத்துகள் ஒன்றாகச் சென்றதால்தான் அந்த மனு கவனிக்கப்பட்டது.

திட்டம் கொண்டுவருபவர்களுக்கும் இந்த வரலாற்றில் பாடம் உண்டு. மின்சாரம் வேண்டாம் என்று சொல்பவர் பேராக்கில் யாருமில்லை. அதற்காக நெடுங்காலம் காத்திருந்தவர்கள் இங்கே ஏராளம். வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன் ஊருக்குள் வந்து, மக்கள் பேசும் மொழியில், சாதகத்தையும் பாதகத்தையும் சேர்த்துச் சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது. ஏசியன் ரேர் எர்த் நிறுவனத்திடம் உரிமம் இருந்தது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருந்தது. அக்கம்பக்கத்தின் நம்பிக்கை மட்டும் இல்லை. கடைசியில் மூடப்பட்டது அந்த ஆலைதான்.